காலரியில் குதிக்க இரண்டாயிரம் பேர்

பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே கேட்டைத் தாண்டி, "கூட்டம் சேக்கிற அக்கா ஊடு எது?" என்று கேட்டால் போதும், பால்காரர் சைக்கிளில் இருந்து இறங்காமலே வழி சொல்லிவிடுவார். நாகவல்லி செய்த தொழிலுக்குப் பெயர் கிடையாது. ஆனால் எங்கே யாருக்கு ஆள் கூட வேண்டுமோ, அவர்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். கட்சிக்காரர்கள் வந்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். சினிமா கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கோர்ட் வாசல் என்றால் நூறு பேர், தேர்த் திருவிழா என்றால் ஐநூறு பேர். ஒருமுறை ஆவடியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சொந்தபந்தம் குறைச்சல் என்று நாற்பது பேரைப் பட்டுப்புடவை கட்டி அனுப்பிவைத்தாள். அதில் இரண்டு பேர் பெண்வீட்டாரோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள் என்றால், பிறகு வளைகாப்புக்கும் அவர்களுக்கு அழைப்பு வந்தது.

இதெல்லாம் தொடங்கியது எண்பத்திரண்டில். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டில் சினிமா ஷூட்டிங் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. பஸ் நிறுத்தக் காட்சிக்கு வரவேண்டிய ஆட்கள் வரவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அறுபது பொம்பளைங்கதான சார்? கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், மத்தியானத்துக்குள் ரயில்வே காலனியில் பாதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பாதிப் பேர் கையில் மூக்குத்தூளோ முறமோ ஏதோ ஒன்றுடன் அப்படியே வந்திருந்தார்கள். டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவளுடைய கணவன் வேம்புலி, ரயில்வே லைனை ஒட்டி ராணுவச் சரக்கு ரயில்கள் ஒதுங்கி நிற்கும் சைடிங்கில் சுமை இறக்குகிறவன். அதிகம் பேசமாட்டான். "ஊட்ல கீறது ரெண்டே பேரு. அதுல ஒருத்திக்கு ஆயிரம் பேரு பத்தமாட்டேங்குது" என்று மட்டும் எப்போதாவது சொல்வான்.

நாகவல்லியிடம் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எந்த இடத்துக்கு ஆள் அனுப்பினாலும் முதலில் அவள் போய்ப் பார்ப்பாள்: நிழல் இருக்கிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, பெண்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று. இரண்டாவது, போனவர்கள் அத்தனை பேரும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வேனுக்கும் ஒரு தலைவி. அவள் கையில் ஒரு கலர்க் குடை. கூட்டம் முடிந்ததும் குடையைப் பார்த்து எல்லோரும் சேர வேண்டும். சேராமல் ஒருவரும் நகரக்கூடாது. கடற்கரையில் லட்சம் பேர் முட்டிமோதிய மாநாட்டிலிருந்துகூட அவளுடைய ஆட்கள் ஒருவர் குறையாமல் பட்டாபிராமுக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் அவளுக்குப் பெரிய கர்வம்.

தொண்ணூற்றுநாலு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், பூந்தமல்லியிலிருந்து அன்வர் பாஷா வந்தான். கட்டட வேலையில் சூப்பர்வைசர். அவனுடைய தங்கை கல்யாணத்தில் பந்தி கவனிக்க நாகவல்லிதான் ஆட்கள் அனுப்பியிருந்தாள். அந்தப் பழக்கம்.

"யக்கா, ரெண்டாயிரம் பேரு வோணும்."

"எந்தக் கட்சி பாய்?"

"கட்சி இல்லக்கா."

"அப்ப சினிமாவா?"

"அதுவும் இல்ல. பாரிவாக்கத்துக்கு அந்தாண்ட ஸ்டேடியம் கட்டிக்கினு கீறோமே, அதுல காலரி முடிஞ்சிட்ச்சு. உங்க ஜனம் வந்து குந்தணும்."

"யாரு பேசறாங்க?"

"யாரும் பேசல. ஆட்டமும் இல்ல. குந்தணும். அப்பறம் அத்தினி பேரும் ஒண்ணா குதிக்கணும். அப்பறம் எழுந்து வெளிய போய்க்கினே இருக்கணும். அவ்ளோதான்."

நாகவல்லி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா பாய் சொல்ற? கட்டனது நிக்குதா வுழுதான்னு பாக்கறதுக்கு எங்க ஜனந்தான் கெட்ச்சாங்களா?"

"ஐயோ, அப்டியில்லக்கா. நம்ம இஞ்சினியர் சார் வந்து பேசுவாரு. நீங்க ஒருதபா வந்து பாருங்க."

அந்த ஸ்டேடியத்தைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயல் இருந்த இடத்தில் வளைந்து வளைந்து கான்கிரீட் சட்டங்கள் எழும்பியபோது, மேம்பாலம் கட்ட வந்தவர்கள் வழி தவறி இங்கே கட்டுகிறார்கள் என்றார்கள். சுற்றுச்சுவர் எழும்பியதும் ஜெயில் என்றார்கள். கூரை போட்ட பிறகுதான் விளையாட்டு அரங்கம் என்று நம்பினார்கள். அந்தக் கூரைதான் எல்லோருக்கும் ஆச்சரியம். பின்பக்கத் தூண்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீண்டிருந்தது. முன்பக்கம் ஒரு தூணும் இல்லை.

நாகவல்லி மறுநாளே பஸ் ஏறிப் போனாள். இஞ்சினியர் சண்முகசுந்தரம் சைட் ஆபீஸ் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அரங்கத்தின் வடிவம் முழுவதும் அவர் போட்ட கோடு. வெயிலில் நின்று நின்று முகம் ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே இன்னொரு நிறமாக இருந்தார்.

"கேளுங்கம்மா" என்றார்.

"தாங்குமா சார்?"

"தாங்கும். மணல் மூட்டை அடுக்கி ஏற்கெனவே பாத்தாச்சு. நீங்க ரெண்டாயிரம் பேர் குதிச்சாலும் அந்த பாரம் வராது. அவ்வளவு மூட்டை போட்டோம்."

"அப்பறம் எதுக்கு சார் நாங்க?"

சண்முகசுந்தரம் சிரித்தார். "மணல் மூட்டை கைதட்டாதும்மா. கோல் விழுந்தா எழுந்து நிக்காது. ஆட்டம் முடிஞ்சா வீட்டுக்குப் போகாது. எனக்கு அதெல்லாம் தெரியணும். வாங்க, சுத்திக் காட்டறேன்."

காலரியில் ஏறும்போது நாகவல்லிக்கு மூச்சு வாங்கியது. மேலே போகப்போகப் படிகள் உயரமாகிக்கொண்டே போயின.

"அளவு தப்பிடுச்சா சார்? கீய ஒரு தினுசா கீது, மேல ஒரு தினுசா கீது."

"வேணும்னே போட்டது. இங்க உக்காருங்க. அன்வர், நீ இவங்களுக்கு முன்னால உக்காரு. ஹெல்மெட்டோட."

அன்வர் பாஷா ஆறடி. ஹெல்மெட்டோடு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் உட்கார்ந்த நாகவல்லிக்கு அவன் தலைக்கு மேலாக மைதானம் முழுவதும் தெரிந்தது. கிட்டத்துச் சுண்ணாம்புக் கோட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழிகூடத் தெரிந்தது.

"தியேட்டர்ல எப்பவும் எனுக்கு முன்னாடி ஒரு நெட்டையன்தான் சார் வந்து குந்துவான். இங்க ஒருத்தனும் மறைக்க முடியாதா?"

"எந்த சீட்ல உக்காந்தாலும் முடியாது. கீழ் வரிசைக்காரனுக்கு மைதானம் கிட்ட இருக்கு, படி கொஞ்சம் ஏறினா போதும். மேல இருக்கறவன் ரொம்பக் கீழ பாக்கணும். அதனால படி உயர்ந்துகிட்டே போகணும். இதுக்கே ஒரு வருஷம் கோடு போட்டேன்."

நாகவல்லி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். "இது எப்டி சார் நிக்குது? முன்னாடி ஒரு தூணாச்சும் வெச்சிருக்கலாம்ல?"

"தூண் வெச்சா அதுக்குப் பின்னால உக்காந்தவன் பாதி ஆட்டத்தைத் தூண்லதான் பாப்பான். நீங்க ஒரு குடம் தண்ணிய முன்னால கை நீட்டிப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பின்னாடி சாஞ்சிக்குவேன்."

"அதேதான். பின்னால இருக்கற தூண் பூமியைப் பிடிச்சுக்கிட்டு கூரையைக் கீழ இழுத்துக்கிட்டு இருக்கு. அது விடாத வரைக்கும் இது விழாது."

நாகவல்லி பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், கழிப்பறைக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகக் கேட்டாள்.

"நாங்க குதிக்கச் சொல்ல நீங்க எங்க சார் இருப்பீங்க?"

"காலரிக்கு நேர் கீழ நிப்பேன். விழுந்தா என் தலையிலதான் விழும்."

"அது வசனம் சார். கேக்கறதுக்கு நல்லா கீது. நீங்க மேல, எம் பக்கத்துல வந்து குந்துங்க. ஊட்டம்மாவையும் இட்டுகினு வாங்க."

சண்முகசுந்தரம் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். "அவளையா? நான் கட்டினது எதையும் அவ பாத்ததே இல்லையே."

"ஏன் சார்?"

யோசித்தார். "நான் கூப்பிட்டதே இல்லைன்னு நினைக்கிறேன்."

"அப்ப இப்ப கூப்டுங்க. அவங்க வந்தா என் ஜனம் வரும்."

ஆள் சேர்ப்பது நாகவல்லி நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. "பேச்சே கெடையாது, குந்திட்டு வந்துர்லாம்" என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மணிக்கணக்காகப் பேச்சு கேட்டுக் காது புளித்தவர்கள் பாதி நம்பிக்கையோடு பெயர் கொடுத்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் தொழிற்சாலைக் குடும்பங்கள், திருநெல்வேலிக்காரர்கள், மதுரைக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், கூலியே வேண்டாம், வேடிக்கைக்கு வருகிறோம் என்றார்கள். பூந்தமல்லியில் அன்வர் பாஷாவின் தெருவே கிளம்பியது. பிரியாணிக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியும் எப்படியோ பரவிவிட்டது.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேனும் லாரியும் டவுன் பஸ்ஸுமாக வந்து இறங்கினார்கள். பாய் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். வேர்க்கடலை, டிரான்சிஸ்டர், தொட்டில் கட்டப் பழைய சேலை கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். புஷ்பா பச்சைக் குடையையும், ராணி சிவப்புக் குடையையும், மற்ற தலைவிகள் மற்ற நிறங்களையும் தூக்கிப்பிடித்துத் தங்கள் தங்கள் ஆட்களை உட்காரவைத்தார்கள். காலியாக இருந்தபோது வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசிய காலரி, சற்று நேரத்தில் துணி உலர்த்திய கொடி மாதிரி ஆகிவிட்டது.

சண்முகசுந்தரம் சொன்னபடி மனைவியோடு வந்தார். ஜெகதாம்பாள் திறப்பு விழா என்று நினைத்து மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் காபி பிளாஸ்க். நாகவல்லி தன் பக்கத்தில் இடம் போட்டு உட்காரவைத்தாள்.

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரரு கட்னது தாங்குமா?"

ஜெகதாம்பாள் யோசிக்காமல் சொன்னாள். "வீட்ல ஒரு அலமாரி அடிச்சார். ஆறு மாசத்துல விழுந்துடுத்து."

நாகவல்லி திரும்பிச் சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள்.

"அது ஆணி சரியில்லை" என்றார் அவர்.

காலரிக்கு அடியில் ஒரு இஞ்சினியரிங் கல்லூரியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கான்கிரீட் எவ்வளவு அதிர்கிறதோ அதைக் காகிதச் சுருளில் ஓர் ஊசி கோடாகப் போடும். முதலில் ஒரு வேன் ஆட்கள் மட்டும் குதிப்பது, ஊசியைப் பார்த்துவிட்டு அடுத்த வேனையும் சேர்ப்பது, அப்படியே கூட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. அன்வர் பாஷா மெகாபோனில், "நான் விசில் ஊதறேன். ஊதச் சொல்ல மொத வேனு ஜனம் எல்லாரும் ஒண்ணா குதிக்கணும்" என்றான்.

ஊதினான். ஒருவர் குதித்தார், ஒருவர் பக்கத்தில் குதிப்பவரைப் பார்த்துவிட்டுக் குதித்தார், ஒருவர் "இப்பவா?" என்று கேட்டார். காகிதத்தில் ஊசி சும்மா கிறுக்கியது. மறுபடி ஊதினான். இந்தத் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒன்றாகக் குதிக்க யாராலும் முடியாது.

"ஒரே தாளத்துல குதிக்கணும்மா. கோல் விழுந்தா ஜனங்க அப்படித்தான் குதிப்பாங்க" என்றார் சண்முகசுந்தரம் கவலையோடு.

"தாளந்தான சார் வோணும்? மொதல்லயே சொல்லக்கூடாது?" என்ற நாகவல்லி, கீழே நின்ற வேம்புலியை நோக்கி மேளம் கொட்டுவதுபோலக் கையைக் காட்டினாள். வேம்புலி லாரியை எடுத்துக்கொண்டு போய், பூந்தமல்லி ரோட்டில் ஓர் ஊர்வலத்துக்குத் தயாராக நின்றுகொண்டிருந்த தப்பு மேளக்காரர்கள் நாலு பேரை அள்ளிக்கொண்டு வந்தான். ஊர்வலக்காரர்களிடம் என்ன சொன்னான் என்று அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

மேளம் கொட்டியது. முதல் வேன் எழுந்தது. அடுத்த வேன். அதற்கடுத்தது. ஐந்தாவது குடைக்குப் பிறகு யாரையும் எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு இரண்டாயிரம் பேரும், ஒரே அடியாக, ஏறி இறங்கினார்கள். ரயில் வரும்போது பிளாட்பாரம் அதிர்வதுபோல நாகவல்லியின் உள்ளங்காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அவள் சொல்லித்தானே இத்தனை பேரும் ஏறினார்கள்! பக்கத்திலிருந்த ஜெகதாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஆடுது!"

"ஆடணும். ஆடாம நின்னாத்தான் எனக்கு பயம்." சண்முகசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து ஒரு பேராசிரியர் வெளியே ஓடிவந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஊசி, போட்டுவைத்த எல்லைக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் எழுந்து, "போதும், போதும்!" என்று கத்தினார். யாருக்குக் கேட்டது? மேளக்காரர்கள் இப்போதுதான் சூடேறியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் மாமிகள் கும்மி வரிசை கட்டிவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது, ஜெகதாம்பாள் மாம்பழக் கலர் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாகவல்லியோடு கைகோத்துக் குதித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பார்த்திராத ஜெகதாம்பாள்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. அடுத்தது வெளியேறும் சோதனை.

சைரன் ஊதியதும் எல்லோரும் அருகிலுள்ள வாசல் வழியாக இறங்கிப்போக வேண்டும். எட்டு நிமிஷத்தில் காலரி காலியாக வேண்டும் என்பது கணக்கு. அதைப் பார்ப்பதற்காகவே அரங்கக் கமிட்டியிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் வந்து, ஒரு வாசலின் படிக்கட்டுத் தலைப்பில், படி இறங்கத் தொடங்கும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சைரன் ஊதியது. ஜனங்கள் எழுந்தார்கள். படிக்கட்டுத் தலைப்பு வரைக்கும் வந்தார்கள். அங்கே குடைகள் விரிந்தன.

புஷ்பா பச்சைக் குடையைத் தூக்கி, "நம்ம வேனு ஜனம்லாம் இங்க வாங்க!" என்றாள். ராணி சிவப்புக் குடையைத் தூக்கினாள். நாகவல்லி பழக்கிய பழக்கம், ஒருவரும் நகரவில்லை. பின்னால் வருகிறவர்கள் முன்னால் நிற்கிறவர்களின் முதுகில் முட்டி நின்றார்கள். யாரோ பாயை மறந்துவிட்டு எதிர்த்திசையில் ஏறினார்கள். கமிட்டிக்காரர்கள் இருவரும் இரண்டு குடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருடைய ஒற்றைச் செருப்பு எங்கோ போய்விட்டது.

மேலேயிருந்து இதைப் பார்த்த நாகவல்லி ஓடினாள். அன்வர் பாஷாவின் மெகாபோனைப் பிடுங்கினாள். "ஏ புஷ்பா! குடைய மடக்கு! யாருக்கும் நிக்காத, எறங்கி போய்க்கினே இரு! வெளிய போய் சேந்துக்கலாம்!" நாலைந்து முறை கத்திய பிறகுதான் கூட்டம் மெல்ல நகர்ந்தது. கடைசி ஆள் வெளியே போனபோது கணக்குப் போட்டதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகியிருந்தது.

நாகவல்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவரைக்கூடத் தொலைக்காதவள் என்று பேர் வாங்கித் தந்த குடைகளே இன்றைக்குக் காரியத்தைக் கெடுத்துவிட்டன. "எல்லாம் என்னாலதான் சார். நான்தான் சேந்து நிக்கச் சொல்லி பழக்கி வெச்சேன். உங்க டெஸ்ட்டு வீணாப்பூட்ச்சு" என்றாள்.

சண்முகசுந்தரம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"வீணா? இதுக்காகத்தானே ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்!"

அவர் முதலில் போட்ட வரைபடத்தில் ஒவ்வொரு படிக்கட்டின் தலைப்பிலும் ஓர் அகலமான திறந்தவெளி இருந்தது. ஜனங்கள் அங்கே ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள், அவர்களைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் போக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கமிட்டியில் ஒத்துக்கொள்ளவில்லை. போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், நிற்பதற்கு எதற்கு இடம் என்று கேட்டு, பாதியை வெட்டி டிக்கெட் கவுன்ட்டரும் தின்பண்டக் கடையும் வைத்துவிட்டார்கள்.

"ஆனா நான் சொன்னதாலதான சார் நின்னாங்க?"

"சொல்லலைன்னாலும் நிப்பாங்க. சந்தேகம்னா பாத்துடலாம்."

பிரியாணி முடிந்த பிறகு எல்லோரையும் மறுபடி ஏற்றினார்கள். குடைகள் அன்வர் பாஷாவின் கொட்டகையில் பூட்டப்பட்டன. சைரன் ஊதியது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கினார்கள். ஆனால் அதே படிக்கட்டுத் தலைப்பில், அம்மா பிள்ளைக்காக நின்றாள், கணவன் பால் புட்டி எடுக்கப்போன மனைவிக்காக நின்றான், நாலு சிநேகிதர்கள் ஐந்தாவது ஆளுக்காக நின்றார்கள். மறுபடியும் அடைத்துக்கொண்டது.

ஒற்றைச் செருப்போடு நின்ற கமிட்டிக்காரர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கவுன்ட்டரை வேற எங்க வைக்கலாம் சண்முகசுந்தரம்?" என்று கேட்டார்.

அன்று மாலை வேனில் ஏறும்போது அத்தனை பேரும் நாகவல்லியைக் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த தபா எப்பக்கா?"

சுவர்களை இடித்துப் படிக்கட்டுத் தலைப்புகளை அகலப்படுத்த ஆடி மாதம் வரை ஆயிற்று. ஆவணியில் மறுபடியும் ஒரு சோதனை. குடையோடும் குடை இல்லாமலும் இரண்டு விதமாகவும் பார்த்தார்கள். நின்றவர்கள் ஓரமாக நின்றார்கள், போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கணக்குச் சரியாக வந்தது. சண்முகசுந்தரம் அன்று அன்வர் பாஷாவை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். அன்வருக்கு ரொம்ப நாள் அது வெட்கமாகவே இருந்தது.

இதற்கிடையில் ஜெகதாம்பாளுக்கும் நாகவல்லிக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெகதாம்பாள் ரயிலேறிப் பட்டாபிராமுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் சினிமாவுக்குக் கோர்ட் காட்சிக்கு ஆள் குறைகிறது என்று தெரிந்ததும், "நான் வரட்டுமா?" என்றாள். போனாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தீர்ப்பைக் கேட்டு அழுதாள், நிஜமாகவே அழுதாளாம். படம் வந்தபோது சண்முகசுந்தரம் அவளுடைய தலையின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்காக இரண்டு முறை தியேட்டருக்குப் போனார். முன்வரிசையில் ஓர் உயரமான ஆள் மறைத்துவிட்டான் என்று இரண்டு முறையும் தியேட்டர் கட்டியவனைத் திட்டிக்கொண்டு திரும்பினார்.

அரங்கம் திறக்கப் போகிற சமயத்தில் சண்முகசுந்தரம் நாகவல்லியின் வீட்டுக்கு நேரிலேயே வந்தார்.

"வாசலைப் பாத்துக்க ஆள் வேணும்மா. தள்ளற ஆள் இல்லை. அது போலீஸ்காரங்க பாத்துப்பாங்க. பேசி நகர்த்தற ஆள் வேணும். கமிட்டியில உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"நான் கூட்டத்த சேக்கறவ சார். கலைக்கறவ இல்ல."

"சேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது பிரியற வழி தெரியும்."

வேம்புலி உள்ளேயிருந்து, "போ நாகவல்லி. நெழல் கீது, தண்ணி கீது, இன்னும் இன்னா வோணும்?" என்றான். அவன் அவ்வளவு பேசியதே பெரிய விஷயம். அவள் சரி என்றாள்.

புஷ்பா, ராணி, இன்னும் முப்பது பெண்கள். எல்லோருக்கும் நீலக் கலர் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். வேலையின் முதல் விதி: மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது, பார்க்கிறவர்களைத்தான் பார்க்க வேண்டும். "அப்ப நம்ம பொயப்பு மாறலக்கா" என்றாள் புஷ்பா.

தொண்ணூற்றைந்து தையில் முதல் ஆட்டம். ஆவடித் தொழிற்சாலை அணிக்கும் ஒரு பேங்க் அணிக்கும் கால்பந்து. நாகவல்லி காலையிலேயே போய் மேற்குப்பக்கப் படிக்கட்டுத் தலைப்பில் நின்றுகொண்டாள். மத்தியானத்திலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். சைக்கிளில் வந்தார்கள், டபுள்ஸ் வந்தார்கள், ஆவடியிலிருந்து பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள், பூந்தமல்லியிலிருந்து நடந்தே வந்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நாகவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் போய்க் கூப்பிடாமல், வேன் வைக்காமல், தானாக இப்படி ஒரு கூட்டம் வந்து அவள் பார்த்ததில்லை. அவளை அறியாமல் முதலில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே முகங்கள். பன்னிரண்டு வருஷமாக அவள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டச் சொன்னால் கைதட்டிய முகங்கள், அழச்சொன்னால் சேலைத் தலைப்பை எடுத்த முகங்கள். இந்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன. யாரும் சொல்லாமல் விரிந்தன, சுருங்கின, பல்லைக் கடித்தன. ஒரு தாத்தா பந்தை உதைப்பதாக நினைத்து முன்வரிசைக்காரனை உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கணம் அத்தனை வாய்களும் பாதி திறந்தபடி அப்படியே நின்றன.

"கோ...ல்!"

மேற்குக் காலரி மொத்தமும் எழுந்து குதித்தது. தரை அதிர்ந்தது. இந்த முறை நாகவல்லிக்குப் பயம் இல்லை. மேல் வரிசையில் ஜெகதாம்பாள் இரண்டு கையையும் தூக்கி எதையோ கத்திக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரம் மட்டும் உட்கார்ந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகவல்லிக்கு விதியெல்லாம் மறந்துபோனது. திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். பச்சைப் புல்லில் பதினோரு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். அவளும் இரண்டு குதி குதித்தாள். பிறகு பக்கத்தில் மூச்சிரைக்க நின்றிருந்த முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தட்டிக் கேட்டாள்.

"அண்ணாத்தே, போட்டது நம்மாளுங்களா?"

"தெரியலக்கா. நான் இப்பதான் உள்ள வந்தேன். யாரா இருந்தா இன்னா, நீ குதி!"